வெள்ளத்தைக் கணக்குப் போட்டால் சம்பளம் வருமா?

அண்ணாச்சி, "ஆத்துத் தண்ணிய அளந்துக்கிட்டு இருந்தா எவன் சம்பளம் கொடுப்பான்?" என்று போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் மகள் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவள். அதிலிருந்து, வெள்ளம் உண்மையிலேயே கூடிக்கொண்டு போகிறதா என்று ஆராயப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் சம்பளத்துக்கு வருவோம்.

அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. நாமெல்லாம் "காலம் கெட்டுப்போச்சு" என்றோம். புள்ளியியல் படித்தவர் அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்க மாட்டார். ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் ஓடிய உச்ச வெள்ளத்தை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிக்கொள்வார். அதில் எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்தாலும், பிந்தைய ஆண்டு முந்தைய ஆண்டைவிடப் பெரிதென்றால் ஒன்றைக் கூட்டு, சிறிதென்றால் ஒன்றைக் கழி. எல்லா ஜோடிகளுக்கும் இப்படிப் போட்டு வருகிற எண் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பதுதான் மான்-கெண்டல் சோதனை. நன்றாகத் தள்ளி நின்றால் வெள்ளம் கூடுகிறது, அல்லது குறைகிறது என்று பொருள். ஒரே ஒரு பேய்வெள்ளத்தால் இந்தக் கணக்கைக் கவிழ்க்க முடியாது. ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்று சொல்லும் சரிவுக்கு, 1968-ல் அதைப் பற்றி எழுதிய நம் கொல்கத்தாக்காரர் பிரணாப் குமார் சென்னின் பெயரே நிலைத்துவிட்டது.

ஆற்று நீரை அளக்கும் ஒரு நிலையத்தோடு நின்றால் இது கல்லூரிப் பாடம். ஒரு வட்டாரம் முழுவதற்கும் பதில் சொல்லும்போதுதான் ஆளைச் சோதிக்கும். நூற்றுக்கு ஐந்து தடவை தப்பாகச் சொன்னால் பரவாயில்லை என்ற 5 சதவீத அளவில் நூறு நிலையங்களைச் சோதித்தால், எங்குமே மாற்றம் இல்லாவிட்டாலும் சராசரியாக ஐந்து நிலையங்கள் மாற்றம் இருப்பதாகப் பொய் சொல்லும். போதாக்குறைக்கு, ஒரே புயல்மழைதான் பக்கத்துப் பக்கத்து ஆறுகளிலும் கொட்டுகிறது. பத்து நிலையங்கள் ஒரே கதையைச் சொன்னால், ஒருத்தர் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்ன கணக்குதான். அதனால் எல்லா நிலையங்களின் ஆண்டு வரிசையையும் ஒரே மாதிரி குலுக்கிக் குலுக்கி ஆயிரம் தடவை கணக்குப் போட்டு, தற்செயலாகவே எத்தனை நிலையங்கள் இப்படிக் காட்டும் என்று பார்க்கிறார்கள். அணை வேறு இருக்கிறது. தாமிரபரணியின் துணையாற்றில் மணிமுத்தாறு அணை 1950-களில் வந்தது. அதற்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே தராசில் வைத்தால், அணை செய்ததைப் பருவநிலையின் தலையில் கட்டிவிடுவோம்.

ஐரோப்பாவில் 3,738 நிலையங்களின் 1960 முதல் 2010 வரையான பதிவுகளை அலசி 2019-ல் வெளியிட்டார்கள். வடமேற்கில் பத்தாண்டுக்கு 11 சதவீதம் வரை வெள்ளம் கூடியிருந்தது. தெற்கிலும் கிழக்கிலும் குறைந்திருந்தது, சில இடங்களில் 23 சதவீதம் வரை. எங்கே பாலத்தை உயர்த்துவது, எங்கே காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றுவது என்பதெல்லாம் இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்துத்தான்.

சரி, சம்பளம். ஆறுகளை அளக்கும் மத்திய நீர் ஆணையத்தில் பொறியியல் அதிகாரியாகப் போக யூ.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும். அந்தக் கதவு இவளுக்கு மூடியதுதான். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு திறந்திருக்கிறது; பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே எழுதலாம். ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம், ஐஐடிகள் போன்ற இடங்களில் ஆராய்ச்சித் திட்ட வேலைகள் வரும். மரியாதையான வேலை, ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். பணம் அதிகம் புழங்குவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் மறுகாப்பீட்டு நிறுவனங்களிலும், பேரிடர் இழப்பைக் கணக்கிடும் நிறுவனங்களிலும். பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் போக வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், இப்போதே பேரிடர் மேலாண்மை, சுற்றுச்சூழல் என்று பெயர் பார்த்துச் சேர்க்காதீர்கள். எம்.எஸ்சி. புள்ளியியலே படிக்கட்டும். ஐஐடிகளின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி ஐஐடி கான்பூர், பம்பாய் போகலாம், இல்லையென்றால் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது. வெள்ளம் கைகொடுக்காவிட்டாலும் வங்கி, மருந்துச் சோதனை என்று எங்கும் அதே கணக்கு செல்லும். வெள்ளத்தை முனைவர் பட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். இந்திய நீர்வளத் தகவல் அமைப்பின் இணையதளத்தில் தென்னக ஆறுகளின் அளவுகள் கிடைக்கும். கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா அளவுகளைப் பொதுவில் வைப்பதில்லை. காவிரியில் முசிறி, கொடுமுடி என்று நாலைந்து நிலையங்களை எடுத்து, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்க்கட்டும். அது இலவசம். விட்டுப்போன ஆண்டுகள், தப்பான எண்கள் என்று சுத்தம் செய்வதிலேயே முக்கால்வாசி நாள் போகும், சலிப்பான வேலை. அந்தச் சலிப்பை ஒரு மாதம் தாங்குகிறாளா என்று மட்டும் பாருங்கள். ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறக்கும். அதற்குள் அவள் போட்ட வரைபடத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.