உள்ளே போவதா, வெளியே வருவதா? – கடிதம்

அன்புள்ள சார்,

வளர்ச்சிக் காரணி செல்லின் மேல் பட்டதும் ஈஆர்கே புரதம் உட்கருவுக்குள் போகிறது, செல் பிரிவதற்கான ஏற்பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் காட்டிய நுண்ணோக்கி வீடியோவில் நேர் எதிராக நடந்தது. ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்த சில நிமிடங்களில் உட்கருவில் இருந்த ஒளி வடிந்து சைட்டோபிளாசத்துக்கு வந்துவிட்டது. வீடியோவின் தலைப்பு ‘ஈஆர்கே செயல்பாடு’. எதை நம்புவது?

இன்னொன்று. என் எம்.எஸ்சி. புராஜெக்டில் ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்களில், ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதம் ஒட்டிய ஈஆர்கே2-ஐ (ஈஆர்கேயின் ஒரு வகை) வைத்தேன். எதையும் சேர்ப்பதற்கு முன்பே அது உட்கருவில் நிறைந்து கிடக்கிறது. எங்கே தவறு? அப்படியே உள்ளே போனாலும், பாஸ்பேட் ஏறி விழித்துவிட்ட நொதிக்கு இடம் ஏன் முக்கியம்? வெளியிலிருந்தே வேலை செய்ய முடியாதா?

மீனா

அன்புள்ள மீனா,

இரண்டுமே சரி. வீடியோவில் ஒளிர்ந்தது ஈஆர்கே அல்ல, ஈஆர்கேயின் இரை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க்கஸ் கோவர்ட்டின் ஆய்வகத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டர் (ஒரு நொதியின் வேலையை ஒளியால் காட்டிக்கொடுக்கும் செயற்கைப் புரதம்) வகை. மரபணுக்களை எழுப்பும் எல்க்-1 என்ற புரதத்தில் ஈஆர்கே வந்து பற்றும் சிறு துண்டு, ‘உட்கருவுக்குள் போ’ என்னும் முகவரித் துண்டு, ‘வெளியே போ’ என்னும் இன்னொரு முகவரித் துண்டு, ஓர் ஒளிரும் புரதம் ஆகிய நான்கையும் கோத்துச் செய்தது. ஈஆர்கே தூங்கும்போது உள்முகவரி ஜெயிக்கிறது, ஒளி உட்கருவில் தங்குகிறது. ஈஆர்கே விழித்து அதன்மேல் பாஸ்பேட் ஏற்றினால் உள்முகவரி மங்கி வெளிமுகவரி வலுக்கிறது. ஒளி வெளியே வருகிறது. ஆக, ஈஆர்கே உள்ளே போகும் அதே நிமிடங்களில் ரிப்போர்ட்டர் வெளியேறுகிறது. இத்தகைய வீடியோ எதைப் பார்த்தாலும் முதலில் கேட்கவேண்டியது, ஒளி எந்த மூலக்கூறில் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். தலைப்பு வைத்தவர்கள் அதைச் சொல்லாமல் விட்டது சோம்பல்.

ரிப்போர்ட்டரை நம்பலாமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. ஈஆர்கேமேல் பாஸ்பேட் ஏற்றி அதை எழுப்பும் மெக் நொதியைத் தடுக்கும் யூ0126 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தால் ஒளி மறுபடி உட்கருவுக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் நீங்கள் பார்ப்பது ஈஆர்கேயின் வேலையே இல்லை. செல் பிரியும் தருணத்தில் உட்கருவின் உறையே கரைந்துவிடும், உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். அந்தப் படங்களில் எடுத்த உட்கரு–சைட்டோபிளாச ஒளி விகிதத்துக்குப் பொருளில்லை, கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இனி உங்கள் ஜிஎஃப்பி விவகாரம். ஈஆர்கே சும்மா இருக்கும்போது சைட்டோபிளாசத்தில் தங்குவது அதன் சொந்த குணத்தால் அல்ல. அதற்கு மேலே இருக்கும் மெக் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மெக்கிடம் வெளியேற்ற முகவரி ஒன்று இருப்பதால் அது உட்கருவுக்குள் வந்தாலும் உடனே வெளியே போய்விடும், போகும்போது ஈஆர்கேயையும் இழுத்துப் போகும். பிளாஸ்மிடை (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) ஊற்றி ஈஆர்கேயைப் பல மடங்கு பெருக்கிவிட்டால் பிடித்து வைக்க மெக் போதாது. மிஞ்சியது பாஸ்பேட் இல்லாமலேயே உட்கருவில் சேர்ந்துவிடும். ஜிஎஃப்பி 27 கிலோடால்டன், ஈஆர்கே2 42, சேர்த்து 69. இவ்வளவு பெரியது உட்கருத் துளை வழியே தானாகக் கசிந்து போகாது. ஆனால் ஈஆர்கே துளைக்குள் இருக்கும் புரதங்களை நேரடியாகத் தொட்டுத் தொட்டே கடக்கவல்லது. அதனால் பெரிய வால் ஒட்டியிருந்தும் நுழைந்துவிடுகிறது.

1997-இல் கியோட்டோவில் எய்சுகே நிஷிடாவின் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. ஈஆர்கேயை மட்டும் மிகையாக வைத்தபோது உட்கருவில் சேர்ந்தது, மெக்கையும் சேர்த்து வைத்தபோது சைட்டோபிளாசத்துக்குத் திரும்பியது. நீங்களும் அதைச் செய்யலாம். ஈஆர்கே பிளாஸ்மிடின் அளவைக் குறைத்து, மெக்1 பிளாஸ்மிடை அதைவிடக் கூடுதலாகச் சேருங்கள். விகிதத்தை மூன்று, நான்கு அளவுகளில் முயன்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். எண்ணும்போது பளிச்சென்று எரியும் செல்களை விட்டுவிட்டு மங்கலானவற்றை எடுங்கள். அழகாக எரிவதைப் படம் எடுக்கத்தான் கை போகும், ஆனால் அதில்தான் பொய் அதிகம்.

இதைவிட நல்லது, ஒட்டு எதுவும் வைக்காமல் செல்லின் சொந்த ஈஆர்கேயை ஆன்டிபாடியால் பார்ப்பது. 0.5 சதவீதத்துக்கு மேல் போகாத சீரத்தில் (வளர்ச்சிக் காரணிகள் உள்ள ரத்தநீர்) செல்களை 16 முதல் 24 மணிநேரம் பட்டினி போடுங்கள். பிறகு மீடியத்தை மாற்றாதீர்கள். மீடியம் மாற்றும் அசைவும் குளிர்ச்சியுமே ஈஆர்கேயைக் கிளப்பிவிடும், பலருடைய ‘பூஜ்ய நிமிடம்’ அப்படித்தான் கெடுகிறது. ஈஜிஎஃப்பை அடர்த்தியாகக் கலக்கி, 37 டிகிரிக்குச் சூடாக்கி, சிறு அளவாக ஓரத்தில் விடுங்கள். இறுதி அடர்த்தி மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போதும். 0, 5, 15, 30, 60 நிமிடங்களில் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு கொண்டு நிலைப்படுத்தி, மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் பத்து நிமிடம் வையுங்கள். பாஸ்பேட் ஏறிய ஈஆர்கேயின் ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு இந்த மெத்தனால் படி இல்லாவிட்டால் சாயம் மங்கலாகவே ஏறும். பாஸ்பேட் ஏறிய ஈஆர்கே, மொத்த ஈஆர்கே இரண்டையும் தனித்தனிக் கிணறுகளில் (செல் வளர்க்கும் தட்டின் குழிகளில்) பாருங்கள். முதலாவது ‘எத்தனை விழித்தது’ என்பதைச் சொல்லும், இரண்டாவதுதான் ‘எத்தனை இடம் மாறியது’ என்பதைச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிய ஆய்வேடுகள் உண்டு.

அளக்கும்போது ஹெக்ஸ்ட் சாயத்தால் உட்கருவின் எல்லையை வரைந்து, அதைச் சுற்றிச் சில பிக்ஸல் அகலத்தில் ஒரு வளையம் எடுத்து, பின்னணியைக் கழித்தபின் வகுத்துப் பாருங்கள். செல்லின் நடுவில் தடிமன் அதிகம் என்பதால் சாதாரண ஒளிர் நுண்ணோக்கியில் உட்கரு இருக்கும் இடம் எப்போதும் கொஞ்சம் பிரகாசமாகவே தெரியும். கான்ஃபோகல் (ஒரே தளத்தின் ஒளியை மட்டும் எடுக்கும் நுண்ணோக்கி) இருந்தால் அதில் எடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் நல்ல கேள்வி. விழித்த ஈஆர்கே வெளியில் சும்மா இருப்பதில்லை. ஆர்எஸ்கே என்ற நொதியை அங்கேயே தட்டி எழுப்புகிறது, சமிக்ஞைத் தொடரில் தனக்கு மேலிருக்கும் சாஸ், ராஃப் என்ற புரதங்களுக்குப் பின்னூட்டம் தருகிறது. ஆனால் செல் பிரிவதற்கு அது மட்டும் போதாது. 1999-இல் பிரான்சில் ழாக் பூய்சேகூரின் குழு வெள்ளெலி நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு) செல்களில் ஒரு காரியம் செய்தது. எம்கேபி-3 என்ற பாஸ்பேட் நீக்கும் நொதி சைட்டோபிளாசத்தில் இருப்பது, ஈஆர்கேயை இறுகப் பிடிப்பது. அதன் வெட்டும் பல்லை மட்டும் பிடுங்கிவிட்டு, பிடிக்கும் கையை அப்படியே விட்டு செல்லுக்குள் வைத்தார்கள். ஈஆர்கே விழித்தது, சைட்டோபிளாச வேலைகளைச் செய்தது, ஆனால் உள்ளே போகமுடியவில்லை. எல்க்-1 வழி மரபணுக்கள் எழவில்லை, டிஎன்ஏவை இரட்டிக்கும் எஸ் கட்டத்துக்குள் செல்கள் நுழையவில்லை. இடம் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

உள்ளே போனால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் உண்டு. சி-ஃபாஸ் மரபணு வளர்ச்சிக் காரணி பட்ட அரைமணிக்குள் எழுந்து, ஒருமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து வரும் புரதம் சீக்கிரமே சிதைந்துபோவது. புரதம் உருவாகி வரும்போது ஈஆர்கே இன்னும் உட்கருவில் விழித்திருந்தால் அதன் வால் பகுதியில் பாஸ்பேட் ஏற்றி நிலைக்கச் செய்கிறது. முன்பே அடங்கியிருந்தால் அந்தப் புரதம் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். 2002-இல் ஜான் பிளெனிஸின் குழு காட்டியது இது. நிலைத்த ஃபாஸும் அதன் கூட்டாளிகளும் சைக்ளின் டி1 என்ற புரதத்தின் அளவை ஏற்றுகின்றன. அது சிடிகே4, சிடிகே6 நொதிகளோடு சேர்ந்து செல் பிரிவுக்குத் தடைபோடும் ஆர்பி புரதத்தின் பிடியைத் தளர்த்துகிறது, அது பிடித்து வைத்திருந்த இ2எஃப் என்ற மரபணு இயக்கி விடுபடுகிறது, எஸ் கட்ட மரபணுக்கள் திறக்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு ‘நீண்டநேரம் என்றால் செல் பிரியும்’ என்று சூத்திரமாக எழுதிவிடாதீர்கள். எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்த பிசி12 செல்களில் ஈஜிஎஃப் தரும் குட்டைச் சமிக்ஞைக்குச் செல்கள் பெருகுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப் தரும் நீண்ட சமிக்ஞைக்குப் பெருகுவதை நிறுத்தி நரம்புபோல இழைகளை நீட்டுகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட்டிலேயே ராஃபை மிகையாக எரியவிட்டால் தடைபோடும் பி21 புரதம் ஏறி செல் சுழற்சி நின்றுவிடுகிறது. கொஞ்சம் வேண்டும், தொடர்ந்து வேண்டும், அளவுக்கு மிஞ்சக்கூடாது. எந்தச் செல் என்பதையும் பார்க்கவேண்டும்.

அதனால்தான் ஹீலாவைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. இடம்பெயர்வைப் பார்க்க ஹீலா போதும். செல் பிரிதலைப் பார்க்க உதவாது. அதிலுள்ள பாப்பிலோமா வைரஸின் இ7 புரதம் ஆர்பியை ஏற்கெனவே செயலிழக்கச் செய்துவிட்டது. கதவே இல்லாத வீட்டில் பூட்டைச் சோதிப்பதுபோல. பட்டினி போட்டாலும் ஒழுங்காக ஓய்வுக்குப் போகாது. என்ஐஎச் 3டி3 என்ற சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு மாறுங்கள்.

அதில் எட்டுக் கிணறு போதும். 24 மணிநேரம் பட்டினி. ஒன்று பட்டினியிலேயே இருக்கட்டும். மற்ற ஏழிலும் சீரத்தைச் சேர்த்து 10 சதவீதமாக்கி, எட்டுக்கும் அதே நேரத்தில் 10 மைக்ரோமோலார் இடியூ (புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் ஏறும் குறிப்பொருள்) விடுங்கள். சீரம் விட்டதில் ஒன்றுக்கு டிஎம்எஸ்ஓ (யூ0126-ஐக் கரைக்கும் திரவம்) மட்டும், மீதி ஆறுக்கு முறையே 0, 2, 4, 6, 8, 12-ஆம் மணிகளில் யூ0126. எல்லாக் கிணற்றிலும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதமாகச் சமமாக இருக்கவேண்டும். 24-ஆம் மணியில் நிலைப்படுத்தி, கிணற்றுக்குக் குறைந்தது 300 உட்கருக்களை எண்ணுங்கள். தொடக்க மணிகளில் தடுப்பான் விழுந்த கிணறுகளில் இடியூ ஏறிய உட்கருக்கள் சொற்பமாகவும், பிந்திய கிணறுகளில் டிஎம்எஸ்ஓ கிணற்றை நெருங்கியும் இருக்கும். கோடு எந்த மணியில் மேலே திரும்புகிறதோ, அதன்பிறகு பெரும்பாலான செல்களுக்கு ஈஆர்கே தேவைப்படவில்லை. ஆர்தர் பார்டீ 1974-இல் சொன்ன கட்டுப்பாட்டுப் புள்ளியை அவை அப்போது தாண்டியிருக்கும். 12-ஆம் மணிக் கிணற்றிலும் எண்ணிக்கை பாதாளத்தில் இருந்தால், தடுப்பான் செல்களையே கொன்றிருக்கிறதா என்று முதலில் மொத்த உட்கருக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.