சைக்கிள் டியூப் காத்தும் நாலு டிகிரி தண்ணியும்

கேள்வி: அண்ணே வணக்கம், நமக்கு ஊரு வேளாங்கண்ணி. புதுச்சேரில ஸ்கூபா டைவிங்ல ஓப்பன் வாட்டர்ங்கற ஆரம்பக் கோர்ஸ் முடிச்சு இதுவரைக்கும் பதினோரு டைவ் போட்டிருக்கேன், எல்லாம் நம்ம கடல்லதான். இப்ப வேலைக்கு ஜெர்மனி போறேன், போடன்சே ஏரிப் பக்கம். அங்க இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் தன்னோட பழைய பிஸ்டன் ரெகுலேட்டரை, அதான் டேங்க் காத்தை மூச்சு விடற அளவுக்குக் குறைச்சுக் குடுக்கற கருவியை, பாதி விலைக்குத் தரேங்கறான், சம்மர்ல மட்டும்தானே இறங்கப் போற, இது போதும்ங்கறான். வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. பாதி விலைங்கறதுக்காக வேணாம்னு சொல்லல, அந்த "சம்மர்ல மட்டும்தானே"ங்கற பேச்சுக்காகத்தான் சொல்றேன்.

நம்ம ஊர் குளத்துல சித்திரை வெயில்ல முங்குனா மேல வெதுவெதுன்னு இருக்கும், கால் கீழ போகப் போக சில்லுனு ஆகும்ல, அதே கதைதான் அங்கயும், ஆனா அளவு வேற. நல்ல தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனமா இருக்கும், அதனால அந்த மாதிரி ஆழமான ஏரில குளிர்ந்த தண்ணி அடியிலயே தங்கிடும், ஆகஸ்ட்ல மேல 20 டிகிரிக்கு மேல சுகமா நீந்திக்கிட்டு இருப்பாங்க, நீங்க கொஞ்சம் கீழ இறங்குனதும் பட்டுனு ஒரு கோடு போட்ட மாதிரி மாறிடும், இன்னும் கீழ போனா அஞ்சு ஆறு டிகிரிதான்.

இதுல ரெகுலேட்டருக்கு என்ன கஷ்டம்னா, சைக்கிள் கடைல டியூப் பின்னை அமுக்கி காத்து இறக்கிப் பாத்திருக்கீங்களா, விரல்ல ஜில்லுனு அடிக்கும். அழுத்தத்துல இருந்த காத்து விரியும்போது குளிரும். டயர்லயே அப்படின்னா டேங்க்ல 200 பார் இருக்கு, ரெகுலேட்டர்ல டேங்க்கோட மாட்டற பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுத்தி இருக்கற தண்ணியோட அழுத்தத்தைவிட ஒரு 9, 10 பார் கூடங்கற அளவுக்குக் கொண்டு வருது, நீங்க இழுக்கற ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள இருக்கற உலோகம் பூஜ்யத்துக்குக் கீழ போகலாம். வெளிய நம்ம கடல் மாதிரி 28 டிகிரி தண்ணி இருந்தா அதுவே சூடு குடுத்து சரி பண்ணிடும், 4 டிகிரி தண்ணி எங்கேர்ந்து குடுக்கும்?

சாதா பிஸ்டன்ல ஸ்பிரிங் இருக்கற இடத்துக்குள்ள தண்ணி நேரா வந்து போகும், அந்தத் தண்ணி உறைஞ்சா பிஸ்டன் திறந்த வாக்குல மாட்டிக்கும், அழுத்தம் ஏறும், வாயில வெச்சுக்கற செகண்ட் ஸ்டேஜ் தாங்காது, காத்து கொட்ட ஆரம்பிச்சிடும், கொட்டக் கொட்ட இன்னும் குளிரும். இதுதான் ஃப்ரீ ஃப்ளோ. எனக்கு ஒரு தடவை ஆச்சு, ஒரு பழைய கல் குவாரி ஏரில, 18 மீட்டர்ல, வாடகை ரெகுலேட்டர். பம்புசெட் ஹோஸ் பிடுங்கிக்கிட்ட மாதிரி சத்தம், முகத்துக்கு முன்னாடி ஒண்ணும் தெரியல, பல்லு கூசுது. 12 லிட்டர் டேங்க் முள்ளு கண்ணு முன்னாடியே இறங்குச்சு, கூட ஜோடியா இறங்குனவர் தன்னோட ஆக்டோபஸை, அதான் ஸ்பேர் செகண்ட் ஸ்டேஜைக் குடுத்து என் வால்வை மூடலன்னா நான் வேகமா மேல ஏறி வேற வம்பை இழுத்திருப்பேன்.

சரி, என்ன வாங்கணும்? சீல் பண்ண டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) டைப் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது ஸ்பிரிங்கைத் தண்ணி தொடவே கூடாது. ஸ்கூபாப்ரோ எம்.கே.17, அபெக்ஸ் எக்ஸ்.டி.எக்ஸ்.50 செட்டோட வர்ற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் எல்லாம் இந்த ஜாதி. பிஸ்டன்லயும் குளிருக்குன்னு செஞ்சது இருக்கு, ஆனா மொத ரெகுலேட்டருக்கு நான் டயாஃப்ரம்னுதான் சொல்வேன். ஐரோப்பால இ.என்.250-னு ஒரு தரம் உண்டு, அவங்க கணக்குல 10 டிகிரிக்குக் கீழ எல்லாமே குளிர் தண்ணி. ரெகுலேட்டர் மேல இ.என்.250-க்குப் பக்கத்துல 10 டிகிரிக்கு மேலன்னு குறி போட்டிருந்தா அந்த ஏரிக்கு அது ஆகாது, ஃப்ரெண்டோடதைத் திருப்பிப் பாருங்க. செகண்ட் ஸ்டேஜ்ல உலோகம் கொஞ்சம் கூட இருக்கறதா பாத்துக்கங்க, தண்ணியோட சூட்டை உள்ள கொண்டு வரும், உங்க மூச்சோட ஈரம் லீவர்ல உறையாம இருக்கும். டேங்க்ல மாட்டற கனெக்‌ஷன் டின் (DIN) டைப்பா, அதாவது வால்வுக்குள்ள திருகி மாட்டறதா வாங்குங்க, அங்க அதுதான் சகஜம். அங்க நிறைய பேரு ஒரே டேங்க்ல ரெண்டு வால்வு போட்டு ரெண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மாட்டுவாங்க, ஒண்ணு உறைஞ்சா அதை மூடிட்டு இன்னொண்ணுல மூச்சு விடலாம்னு. செலவுதான், ஆனா வீண் செலவு இல்ல.

எவ்வளவு நல்ல ரெகுலேட்டரும் பழக்கம் சரியில்லன்னா உறையும். கரைல குளிர்காத்துல நின்னுக்கிட்டு அதுல மூச்சு விட்டுப் பாக்காதீங்க, செகண்ட் ஸ்டேஜ் முன்னாடி இருக்கற, காத்தைத் திறந்து விடற பர்ஜ் பட்டனை அமுக்கி விளையாடாதீங்க, கீழ இருக்கும்போது பி.சி.டி.க்கு, அதான் மிதக்கறதுக்குக் காத்தடிக்கற ஜாக்கெட்டுக்குக் காத்து குடுத்துக்கிட்டே மூச்சை இழுக்காதீங்க. மொத ஒரு சீசன் அங்கயே வாடகைக்கு எடுத்து, ஊர்க்காரங்களோட இறங்குங்க.

கேள்வி: காரைக்கால்லேர்ந்து எழுதறேன். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை புதுச்சேரில டைவ் பண்ணுவேன். நானும் இந்த குளிர் ரெகுலேட்டர்தான் வாங்கணுமா சார்?

பதில்: தேவையே இல்லம்மா, நம்ம பக்கம் உறையறதுக்கு வழியே இல்ல, நமக்கு எதிரி உப்பு. டைவ் முடிஞ்சதும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை மூடற டஸ்ட் கேப்பை நல்லா துடைச்சு, இறுக்கி மூடிட்டு நல்ல தண்ணி வாளில அரைமணி நேரம் ஊறப் போடுங்க, ஊறும்போது மட்டும் பர்ஜ் பட்டனைத் தொடாதீங்க, தண்ணி ஹோஸ் வழியா உள்ள ஏறிடும்.