வெறும் கூலி வேலை

அன்புள்ள அய்யா,

நான் கம்பம் பக்கத்துக் கிராமத்துக்காரன். வேதியியல் பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வருடம் எர்ணாகுளத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போட்டேன். இப்போது இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று சென்னையில் மெடிக்கல் கோடிங், டாக்டர் எழுதிய குறிப்பைக் குறியீட்டு எண்களாக மாற்றுகிற வேலை. இன்னொன்று கொச்சிப் பக்கம் மசாலாப் பொருள்களைச் சோதிக்கிற லேபில் பயிற்சியாளர். இதில் சம்பளம் குறைவு. மாமா இரண்டையும் விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். பிடித்த வேலைக்குப் போ என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. எந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறது? வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லை. அப்பா இல்லை. அம்மா வெறும் கூலி வேலைதான், மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை நான் படித்த அன்று விடிகாலையில், கம்பத்திலிருந்து கேரள மலைக்கு ஏறுகிற கம்பம்மெட்டு சாலையில் நடந்துவிட்டு வந்திருந்தேன். இருட்டிலேயே ஜீப்புகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற காட்சிதான். இருந்தும் சில நாளாக அது என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வங்கித் தேர்வு எழுத ஆசை இருந்தால் எழுதுங்கள், மாமாவுக்காக எழுத வேண்டாம். இந்த வயதில் எது பிடிக்கும் என்று தெரியாமல் இருப்பது ஒரு குறையே இல்லை. அதை விடுங்கள்.

எதிர்காலம் உள்ள துறை எது என்று கேட்டிருக்கிறீர்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டப் புற்றடி ஏலச் சந்தையில் ஏலக்காய் உச்சமாகக் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய வருட வெள்ளத்தில் இடுக்கியில் செடிகள் அழிந்திருந்தன, அதன்பின் வறட்சியும் வந்தது. சரக்கு இல்லை, விலை ஏறியது. அந்த விலையைப் பார்த்துக் கடன் வாங்கி ஏலச்செடி நட்டவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. செடி காய்ப்புக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அவர்கள் காய் எடுத்தபோது விலை ஆயிரத்தை ஒட்டி நின்றது. துறைகளின் எதிர்காலத்தை விசாரித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான், தம்பி. நீங்கள் கேள்விப்படும்போதே உச்சவிலை தாண்டியிருக்கும்.

இப்போது என்னைத் தைத்த சொல்லுக்கு வருகிறேன். 'வெறும்' கூலி வேலை என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேதியியல் படித்தவர் நீங்கள். ஏலச்செடியின் சரம் தூரில் தரையோடு படர்ந்து கிடக்கும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும், பழமும் இருக்கும். மூன்றும் பச்சைதான், சாயலில்தான் வித்தியாசம். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கிச் சக்கையாகிவிடும். பழுக்க விட்டுவைத்தால் உலர்த்தும்போது வெடிக்கும். உள்ளே விதை கறுத்து, தோல் இன்னும் பழுக்காத அந்த இடைநிலைக்கு மலையில் கரிங்காய் என்று பெயர். அதை மட்டும் எடுக்க வேண்டும். காயைப் பிளந்து பார்த்து எடுக்க முடியாது. மழையில், அட்டை ஏறுகிற காலோடு, குனிந்த வாக்கில் உங்கள் அம்மாவின் விரல் அதைக் கண்டுபிடிக்கிறது, நாளெல்லாம், ஆயிரக்கணக்கான தடவை. பிஞ்சுகள் அடுத்த சுற்றுக்காகச் செடியிலேயே நிற்கும். இந்தத் தீர்மானத்தை அவர் எந்த இயந்திரத்தைக் கேட்டும் எடுப்பதில்லை. இதற்கு 'வெறும்' என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கோபமாகத்தான் கேட்கிறேன். ஏனென்றால் நானும் அப்படி நினைத்தவன்.

1989. வரலாறு பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். இடுக்கியில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் கணக்கெழுத ஆள் கேட்டார்கள், போனேன். நல்ல வேலை கிடைக்கிறவரை இது என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டுதான் போனேன். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் கேரளத்துப் பாலா ஊர்க்காரர், வயதானவர். சேட்டன் என்று கூப்பிடுவோம். ஒருநாள் ஊரில் துக்கம் என்று கிளம்பினார். அன்று ராத்திரி அடுப்பை என்னிடம் விட்டுப் போனார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: முதலில் நீர் வெளியே போகட்டும், அதுவரை காற்றுப் போக்கியை அடைக்காதே.

பச்சைக்காய் 300 கிலோ தட்டுகளில் பரப்பியிருந்தது. ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் உலர்ந்து 60 கிலோ வரும். பதினைந்து இருபது பெண்கள் ஒரு பகல் முழுக்க எடுத்தது. வெளியே மழை, குளிர். போக்கியைத் திறந்து வைத்தால் சூடு ஏறவில்லை. விறகை அள்ளிப் போட்டும் தெர்மாமீட்டர் 40-ஐத் தாண்டவில்லை. விடிவதற்குள் முடிய வேண்டுமே என்று எல்லாவற்றையும் இழுத்து அடைத்தேன். சட்டென்று 50-க்கு ஏறியது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் சேட்டன் வந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். பச்சை போய்ப் பழுப்பேறியிருந்தது. "மோனே, இது காயலை. வெந்துபோச்சு" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. அந்த ஈடு முழுக்கக் கழிவு விலைக்குப் போனது. அப்புறம் அவர் என்னை உட்காரவைத்து, காய் எங்கெங்கே பாழாகும் என்று வரிசையாகச் சொன்னார். பறிக்கும்போது, மூட்டையில் இரண்டு நாள் கிடந்தால், காற்றுப் போக்கியில், கடைசிச் சூட்டில், சாக்கில் ஈரம் ஏறினால். அன்றைக்குத்தான் அது ஒரு தொழில் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன்பு அது எனக்கு ஒரு சம்பளக் கவர்.

அன்றிலிருந்து எந்தத் தொழிலைப் பற்றி யார் பேசினாலும் நான் கேட்பது இதைத்தான்: இது எங்கே பாழாகிறது? அந்த இடத்தில் யார் நிற்கிறார்? அங்கே நிற்கத் தெரிந்தவரைத்தான் எந்தத் துறையும் விடாது. கட்டப்பனை செபாஸ்டியன் ஜோசப் ஒரு விவசாயி. தன் தோட்டத்தில் எந்தத் தூர் கூடுதலாகக் காய்க்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துப் பிரித்து நட்டுப் பெருக்கியதுதான் ஞள்ளானி ரகம். இன்று இடுக்கி மலையில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான் நிற்கிறது. செடியின் தூரில் குனிந்து பார்த்த கண் அது. உங்கள் அம்மாவின் கண்ணும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இரண்டு வேலைகளையும் இப்படியே பாருங்கள். மெடிக்கல் கோடிங் பாழாவது டாக்டர் எழுதிய குறிப்பைச் சரியாக வாசிக்காத இடத்தில். ஒரு எண் மாறினால் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனி பில்லைத் திருப்பிவிடும். நோயாளியின் உடம்பில் நடந்ததை ஆங்கிலத்தில் பொறுமையாகப் படிக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மசாலா லேப் பாழாவது இயந்திரத்துக்கு முன்னாலேயே, மாதிரி எடுக்கிற இடத்தில். மூட்டையின் மேல்வாயிலிருந்து மட்டும் ஒரு பிடி எடுத்தால், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியும் பொய்தான் சொல்லும். பூச்சிமருந்து எச்சம் கூடுதல் என்று வெளிநாட்டிலிருந்து சரக்கு திரும்பினால் அடி விழுவது மலை வரைக்கும். தோட்டத்தில் எப்போது மருந்தடிக்கிறார்கள், அடித்து எத்தனை நாளில் காய் எடுக்கிறார்கள் என்பது கொச்சி லேபில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். எந்த வேலையில் சேர்ந்தாலும் சரி, சேர்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மலைக்குப் போய்வாருங்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரியே, ஜீப் எத்தனை மணிக்கு வரும், எங்கே நின்று ஏற வேண்டும் என்று அவரிடம் கேட்டு வையுங்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது என்றுதான் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.