தாத்தா பாட்டி வந்திருந்த இரண்டு மாதங்கள்: மானியக் கடிதத்துக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: மெல்பனில் வசிக்கிறோம். எங்கள் மகன் வாரம் மூன்று நாள் ஃபேமிலி டே கேருக்கு, அதாவது ஒருவர் தன் வீட்டில் நடத்தும் குழந்தைப் பராமரிப்புக்குப் போகிறான். 2024 ஜூலையில் கணவர் வேறு வேலைக்கு மாறியதால் வருமானம் 40,000 டாலர் கூடியது. அதை அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கில் திருத்த மறந்துவிட்டோம். 2025 மார்ச், ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலிருந்து என் அப்பா அம்மா வந்திருந்ததால் மகன் வீட்டிலேயே இருந்தான். "வழக்கம்போல வந்து போனதாகப் பதிந்துவிடுங்கள், இடம் கைவிட்டுப் போகாது" என்றார் பராமரிப்பவர். பதிந்தேன். மே மாதத்திலிருந்து அவன் மறுபடியும் போகிறான். இப்போது கடன் இருப்பதாக ஒரு கடிதம், வருகை பற்றி விசாரித்து இன்னொரு கடிதம். எங்களை மோசடிக்காரர்கள் என்பார்களா?

பதில்: இரண்டு கடிதங்களையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். முதலாவது கணக்குப் பிழை. இரண்டாவது அப்படியல்ல.

சைல்ட் கேர் சப்சிடி, அதாவது பராமரிப்புக் கட்டணத்துக்கு அரசு தரும் மானியம், நீங்கள் முன்கூட்டிச் சொல்லும் குடும்ப வருமான மதிப்பீட்டை வைத்தே தரப்படுகிறது. ஒரு வரம்புக்கு மேல், வருமானம் 5,000 டாலர் கூடக் கூட மானியம் 1 சதவீதப் புள்ளி குறையும். உங்களுக்கு 40,000 என்றால் ஏறத்தாழ 8 புள்ளி. இப்படி நேரும் என்று தெரிந்துதான் மானியத்தில் 5 சதவீதத்தை வழக்கமாகப் பிடித்து வைக்கிறார்கள். இருவரும் வரிக் கணக்குத் தாக்கல் செய்த பின் சரிபார்க்கும்போது, அந்தப் பிடித்தம் போதாவிட்டால் மிச்சம் கடனாகிறது. தொகை சரியென்றால் தவணை கேட்டுக் கட்டுங்கள். தவறென்றால் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஊரில் உள்ள வீட்டின் வாடகை, வைப்பு வட்டி ஆகியவையும் இந்த வருமானத்தில் சேரும். நம்மவர்கள் பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

பிழையையெல்லாம் மோசடியாக்கினால் என்ன நடக்கும் என்பதை நெதர்லாந்து பார்த்துவிட்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது தவறாகக் குற்றம் சுமத்திக் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையைத் திருப்பிக் கேட்ட விவகாரத்தில், 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ரூட்டேயின் அரசே பதவி விலகியது. உங்கள் வருமான விஷயம் வெறும் பிழைதான்; அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருகைப் பதிவுதான் எனக்குக் கவலை தருகிறது. வராத குழந்தை வந்ததாகப் பதிவது பொய்யான தகவல். அது பொய் என்று பதியும்போதே உங்களுக்குத் தெரியும். விசாரிப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்: என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது. இதில் எரிச்சலூட்டும் விஷயம், அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. ஒரு நிதியாண்டில் ஒரு குழந்தைக்கு 42 நாள்வரை, காரணம் காட்டாமலே வராத நாள்களுக்கும் மானியம் உண்டு. வாரம் மூன்று நாள், இரண்டு மாதம் என்றால் இருபத்தாறு நாள் போல வரும். ஆண்டில் அதுவரை அதிகம் விடுப்பு எடுக்காமல், மானியம் போக மீதியான உங்கள் பங்குக் கட்டணத்தையும் கட்டியிருந்தால், "வரவில்லை" என்று உள்ளதை எழுதியே மானியம் பெற்றிருக்கலாம்.

பங்குக் கட்டணம் என்றேன். இந்த வழக்குகளில் கனமான சாட்சி அதுதான். 2023 ஜூலையிலிருந்து கேப் ஃபீ எனப்படும் இந்தப் பங்கை மின்னணு முறையில்தான் வசூலிக்க வேண்டும். அந்த மாதங்களில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், நீங்களும் செலவு செய்து இடத்தைத் தக்கவைத்ததற்கு அது சான்று. போகவில்லை என்றாலோ, பராமரிப்பவர் ஒரு பகுதியைத் திருப்பித் தந்திருந்தாலோ, விஷயம் வேறு. ஃபேமிலி டே கேர் மோசடிகளில் அடிக்கடி தென்படும் தடம் அது.

வங்கி அறிக்கை, பராமரிப்பவருடனான குறுஞ்செய்திகள், பெற்றோரின் பயண டிக்கெட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். எதையும் அழிக்காதீர்கள். பழைய தேதி போட்டுப் புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம். நான் பார்த்தவரை, பிழையாக முடிந்திருக்க வேண்டியது குற்றமாக மாறுவது அந்த இடத்தில்தான். பிறகு, இரண்டாவது கடிதத்துக்குப் பதில் எழுதுமுன், அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டிலோ இலவசச் சமூகச் சட்ட மையத்திலோ கடிதத்தைக் காட்டுங்கள். ஏமாற்றி ஆதாயம் பெற்றதாக நிரூபணமானால் சட்டம் 10 ஆண்டுவரை சிறை என்கிறது. உங்கள் நிலையில் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தாமாக முன்வந்து உண்மையைச் சொல்வதன் பலன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால், வழக்கறிஞர் சொல்லும் வரிசையில் சொல்வது நல்லது.

பராமரிப்பவரிடம் கலந்து பேசி ஒரே பதிலாக எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். விசாரணையின் குறி அவராகவே இருக்கலாம். அவருடைய நலன் வேறு, உங்களுடையது வேறு. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், உறவினரை மொழிபெயர்க்க வைக்காமல் சென்டர்லிங்கின் பன்மொழி எண்ணான 131 202-ஐ அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்வார்கள்.