கல்லுக்காட்டை ஒரே மட்டமாக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கர் கல்லுக்காடு வாங்கியிருக்கிறோம். நல்ல சரிவு. ஜேசிபி விட்டு ஒரே சமமாக்கிவிடலாமா?
- ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: வேண்டாம்மா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டில் நான் செய்த தப்பு அதுதான். மேட்டில் வெறும் சரளை மிஞ்சியது; பள்ளத்தில் நிரப்பிய மண்ணை ஐப்பசி மழை ஓடையில் சேர்த்தது. வண்டி வாடகை தனி.

சரிவைப் படிக்கட்டு மாதிரி, தனித்தனித் தட்டுகளாகச் சமன் செய்யுங்கள். முதலில் மேல்மண்ணை ஒரு சாண் வழித்து ஓரமாகக் குவித்துவிடுங்கள், கடைசியில் பரப்ப அதுதான் வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பில் மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோடு வளைந்தால் வளையட்டும். அந்தக் கோட்டில் ஓரடி தோண்டி, பெரிய கல் அடியில் வர, மேட்டுப் பக்கம் சற்றுச் சாய்வாகக் கல்கட்டு அடுக்குங்கள். சிமென்ட் பூசாதீர்கள், தண்ணீர் வடிய வழியில்லாமல் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். மிஞ்சுகிற நீர் போக ஓரத்தில் கல் பரப்பிய வாய்க்கால் ஒன்று.

அப்புறம், பெரிய பாறைகளை விட்டுவிடுங்கள். வெடி வைக்க உரிமம் வேண்டும். எங்கள் பாறையில் வீட்டுக்காரம்மா பிரண்டை ஏற்றியிருக்கிறார், துவையலுக்குக் குறைவில்லை.