சொட்டுவது எந்த ஆயில்? ஷாஃப்ட் டிரைவ் பைக்: கேள்வி-பதில்

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் பக்கம் இருக்கிறேன். 1979 மாடல் பிஎம்டபிள்யூ ஆர் 80/7 ஒன்றை ஒரு பழைய வண்டி டீலரிடம் பார்த்து வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்குக் கீழே ஒரு சொட்டு எப்போதும் தொங்குகிறது. பின்சக்கரப் பக்கமும் ஈரம். "இந்த வயசு வண்டிக்கு இது சகஜம்" என்கிறார் டீலர். வாங்கலாமா? வாங்கினால் எவ்வளவு வேலை இருக்கும்?

பதில்: வாங்கலாம். ஆனால் சொட்டுவது எந்த ஆயில் என்று தெரிந்துகொள்ளாமல் விலை பேசாதீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இது ஷாஃப்ட் டிரைவ் வண்டி: செயினுக்குப் பதில் ஒரு சுழலும் தண்டு (ஷாஃப்ட்) பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. செயின் வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இதில் நான்கு இடத்தில் தனித்தனியாக ஆயில் நிற்கிறது. எஞ்சினில் சுமார் இரண்டேகால் லிட்டர். கியர்பாக்ஸில் 800 மில்லி. ஷாஃப்ட் ஓடும் குழாய்க்குள் 150 மில்லி. பின்சக்கரத்தோடு இருக்கும் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவில் 250 மில்லி. எஞ்சினுக்கு எஞ்சின் ஆயில், மற்ற மூன்றுக்கும் கியர் ஆயில். எனவே எங்கே ஈரம் என்பதைவிட எந்த அறையில் குறைகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் மூக்கை நம்புங்கள். சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகம் கலந்த சேர்மானம் இருக்கும்; அழுகிய முட்டையும் பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. ஓடிய எஞ்சின் ஆயில் கறுத்து, கருகிய வாடை மட்டும் அடிக்கும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்து அளவு பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்கு மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற டீலரிடம் எனக்கு நம்பிக்கை வராது. எஞ்சின் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் மேலே உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகி எடுத்தால் ஆயில் அதிகம் இருப்பதுபோலக் காட்டும். மேல் கோடு வரை ஊற்றியிருந்தால் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். இந்த எஞ்சின் கூடுதல் ஆயிலை பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தள்ளிவிடும், அங்கிருந்து வழிந்து கீழே வரும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்பதே நல்லது.

இப்போது பின்பக்கம். இங்கேதான் ஷாஃப்ட் வண்டி நிறையப் பேரை ஏமாற்றுகிறது. சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஷாஃப்ட் குழாயின் முன் முனையில் கியர்பாக்ஸின் அவுட்புட் சீல், பின் முனையில் ஃபைனல் டிரைவின் பினியன் சீல். இவை இரண்டும் போனால் ஆயில் வெளியே வராது, பக்கத்து அறைக்குள் போகும். கியர்பாக்ஸில் குறைந்து ஷாஃப்ட் குழாயில் 150-க்கு மேல் இருந்தால் அவுட்புட் சீல் போய்விட்டது. ஃபைனல் டிரைவில் குறைந்து குழாயில் கூடியிருந்தால் பினியன் சீல். குழாய் நிரம்பி வழிந்த பிறகுதான் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் பூட் வழியாக வெளியே தெரியும். பார்க்கிற மெக்கானிக் ரப்பரையும் கிளாம்பையும் மாற்றிவிட்டு அனுப்புவார். இரண்டு மாதத்தில் மறுபடி ஈரம். ரப்பர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனால் ஷாஃப்ட் குழாயின் ட்ரெயின் போல்ட்டை (ஆயில் வடிக்கும் போல்ட்) கழற்றி, வருகிற ஆயிலை ஓர் அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். 150 மில்லி ஊற்றும் இடத்திலிருந்து 220 வந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் அப்படி இருந்தால் ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ளே போகும் இடத்து ரப்பர் மூடியைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும்.

சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் என்றால் ஃபைனல் டிரைவின் பெரிய சீலைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் மாடலில் பின்னால் டிரம் பிரேக். கசியும் ஆயில் பிரேக் ஷூவில் ஏறினால் பிரேக் பிடிக்காது, டயருக்கு வந்தால் வளைவில் வழுக்கும். இதை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். சரிசெய்யாமல் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டாம். டிரெய்லரில் ஏற்றி வாருங்கள். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடுவது வீண், புதிது போடுங்கள்.

இனி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் தொங்கும் சொட்டு. முகர்ந்து பார்த்ததில் கியர் ஆயில் என்றால் கியர்பாக்ஸின் இன்புட் சீல். எஞ்சின் ஆயில் என்றால் கிராங்கின் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) பின் சீல், அல்லது ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் பம்ப் மூடியின் ஓ-ரிங். எதுவாக இருந்தாலும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். பொருள் விலை சொற்பம், கூலிதான் செலவு.

அதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நின்றபின் அது கீழே இறங்கும். அதனால் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். என் நண்பர் ஒருவர் இதே ரகத்துத் தன் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். பார்த்த உடனேயே பின் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, பெரிய பில்லும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. இடது சிலிண்டருக்குக் கீழே இருக்கிற ஆயில் பிரஷர் சுவிட்சின் உடம்பு விரிசல் விட்டுக் கசிந்து, எஞ்சினின் அடிவிளிம்பு வழியாகப் பின்னால் வந்து தொங்கியிருக்கிறது. ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதுமாக இருந்த வேலை.

எனவே எஞ்சினை டீகிரீசர் போட்டுச் சுத்தமாகக் கழுவி, காயவிட்டு, சந்தேகமான இடமெல்லாம் முகப் பவுடரைத் தூவுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து, தரையோடு முகம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் வந்த வழி ஒரு பழுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் நீங்கள் தேடுவது. சிலிண்டருக்கு அடியில் இரண்டிரண்டாகப் போகும் புஷ்ராட் குழாய்கள் எஞ்சினுக்குள் நுழையும் ரப்பர், வால்வ் கவர் கேஸ்கெட், கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் நியூட்ரல் சுவிட்ச், சம்ப் கேஸ்கெட் எல்லாவற்றையும் இப்படிப் பார்த்து முடித்த பிறகுதான் பின் சீல் பேச்சு. புஷ்ராட் ரப்பர் லேசாகக் கசிந்தால், குழாயின் வளையத்தை அதற்கான கருவியால் உள்ளே தட்டி இறுக்கிப் பார்க்கலாம். கல்லாக இறுகிப்போன ரப்பர் என்றால் சிலிண்டரைக் கழற்றி மாற்றத்தான் வேண்டும்.

பின் சீல்தான் என்று உறுதியானால், மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃப்ளைவீலைக் கழற்றும் முன் கிராங்க் முன்னால் நகராதபடி அடைகொடுப்பீர்களா?" இந்த எஞ்சினில் ஃப்ளைவீலைக் கழற்றியதும் கிராங்க் முன்னால் நகர்ந்தால் உள்ளே இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தன் ஊசியிலிருந்து விழுந்துவிடும். அது தெரியாமல் ஃப்ளைவீலை மறுபடி மாட்டி போல்ட்டை முறுக்கினால் எஞ்சின் பிளாக்கே கெடும். இந்த ரகத்தில் கைவைத்தவர்கள் கேள்வி முடியும் முன்பே தலையாட்டுவார்கள். முழிக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இறக்கியாகிவிட்டால் பின் சீல், பம்ப் ஓ-ரிங், இன்புட் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே கூலியில் முடியும். கிளட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அது உலர் கிளட்ச், ஆயில் பட்டால் வழுக்கும். வாங்கும் முன்பே ஓட்டும்போது நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பாருங்கள்: சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு செலவையும் விலையில் கழியுங்கள்.

கடைசியாக, காகிதம். சொட்டுச் சொட்டாக ஆயில் விழும் வண்டி ஜெர்மனியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயச் சோதனையில் தேறுவது கடினம். அது பெரிய குறையாகவே எழுதப்படும். ஆகவே "சகஜம்" என்பது விற்கிறவரின் பேச்சு மட்டுமே. அங்கே டீலர் தனிநபருக்கு விற்கும்போது பழைய வண்டியின் குறைகளுக்கும் அவருக்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பின் காலத்தை ஓராண்டாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போக முடியாது. 2022 ஜனவரி முதல், ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை ஒப்படைத்தபோதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது டீலர் வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் "ஆயில் கசிவு உள்ளது, வாங்குபவர் அறிவார்" என்று முறைப்படி எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால், அந்தக் கசிவுக்காகப் பிறகு அவரைக் கேட்க முடியாது. அப்படி எழுதினால் விலை இறங்க வேண்டும். இறக்காவிட்டால், சரிசெய்து கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பை அவர் ஒரே வரியில் விலக்கிவிடலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கோவையில் 2011 மாடல் ஆர் 1200 ஜிஎஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நீண்ட பயணம் போய்வந்தால் பின் ரிம்மில் மெல்லிய ஆயில் படலம். ஒர்க்‌ஷாப்பில் ஃபைனல் டிரைவையே மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கலாம். எடுத்த எடுப்பில் மொத்த யூனிட்டையும் மாற்றச் சொல்வதை ஏற்காதீர்கள்.

முதலில் கடைசியாக ஆயில் மாற்றியபோது எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேளுங்கள். இந்த ஃபைனல் டிரைவுக்கு மாற்றும்போது 180 மில்லிதான். கார் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுவதுபோல வாய்வரை வழிய ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. சூடேறினால் ஆயில் விரிய இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். வடித்து, அளந்து, 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில் 180 மில்லி விட்டு, ரிம்மையும் டிஸ்க்கையும் பிரேக் கிளீனரால் துடைத்து 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது.

வடிக்கும்போது ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி இருந்தால் கவலை இல்லை. விரலில் உரசினால் குத்துகிற துகளோ செதிலோ இருந்தால் பேரிங் உரிகிறது. பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கையால் சுற்றிக் கரகரப்பு இருக்கிறதா பாருங்கள். ஆட்டம் இருந்தால் சீல் மட்டும் மாற்றுவது வீண், பேரிங் ஆட்டம் புது சீலையும் தின்றுவிடும். ஆட்டமும் துகளும் இல்லை என்றால் பெரிய சீலை மட்டும் மாற்றினால் போதும். கூடவே ஸ்விங்ஆர்மின் ரப்பர் பூட்டை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் அந்தக் குழாய் உலர்வாக இருக்க வேண்டியது. அங்கே ஆயில் தேங்கியிருந்தால் பினியன் சீலோ கியர்பாக்ஸ் சீலோ போயிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: பேரிங் போய்விட்டது என்பதற்குப் படம், பாகம் தனி கூலி தனியாக மதிப்பீடு, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவதாக உறுதி. சும்மா மாற்றிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தால் இந்தக் காகிதம்தான் சாட்சி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. வண்டியை விற்றவர் வியாபாரி அல்லாத தனிநபர் என்றால் அவர்மேல் இந்த வழி பொதுவாகச் செல்லாது.

கேள்வி: கசியும் இடத்தில் வெளியிலிருந்து சீலன்ட் பேஸ்ட் பூசினால் நிற்குமா? "லீக் நிறுத்தும்" ஆயில் சேர்மானம் ஊற்றலாமா?

பதில்: பேஸ்ட் வேண்டாம். ஆயில் பட்ட பரப்பில் அது ஒட்டாது, இரண்டு வாரத்தில் தோலாக உரிந்து வரும். அதுவரை கசிவு எங்கே என்று பார்க்கவும் முடியாது. விற்பதற்குச் சில நாள் முன்பு இப்படிப் பூசுகிறவர்கள் உண்டு. ஆகவே பழைய ஷாஃப்ட் வண்டி பார்க்கப் போனால் மூட்டுகளில் புதிதாகப் பளபளக்கும் பேஸ்ட் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

சேர்மானம் ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். இறுகிய சீலில் கொஞ்ச நாள் நிற்கலாம், கிழிந்த சீலில் நிற்காது. ஃபைனல் டிரைவில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அங்கே பல் சக்கரங்கள் தாங்கும் அழுத்தத்துக்கு ஆயிலின் தரம் கெடாமல் இருக்க வேண்டும். ட்ரெயின் போல்ட்டில் கசிகிறது என்றால் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. வாஷரைப் புதிதாகப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்கும் என்று முறுக்காதீர்கள், அலுமினிய மரை உரிந்தால் ஒரு வாஷர் வேலை லேத் பட்டறை வரை போகும்.