இடுப்பு மூட்டு: இந்த மாதக் கடிதங்கள்

எனக்கு இடுப்பு வலி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? (வாசகர், கரூர்)

வயது இல்லை, எந்தப் பக்கம் என்று இல்லை, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்பதும் இல்லை. நான் ஜோசியமா பார்ப்பது? நம் ஊரில் அரைஞாண் கட்டும் இடத்திலிருந்து பிட்டம் வரை எல்லாமே 'இடுப்பு'தான். உண்மையான இடுப்பு மூட்டு வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். கால் நகம் வெட்டுவதும் சாக்ஸ் மாட்டுவதும் பெரும்பாடாகும். முதுகுப் பக்கம் கை வைத்துக் காட்டுகிறவர்களில் பலருக்குக் கோளாறு முதுகெலும்பில். எக்ஸ்ரே எடுத்துவிட்டு எழுதுங்கள்.

வயது 52. மாற்றிய மூட்டு 30 ஆண்டு உழைக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்களே? (வாசகி, மதுரை)

மூட்டுக்கு உத்தரவாத அட்டை தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, 15 ஆண்டில் பத்தில் ஒன்பது மூட்டுகள் நிலைத்திருந்தன. 25 ஆண்டில் நூற்றுக்கு 58. அவை பழைய காலத்து மூட்டுகள். அவற்றில், தொடைப் பந்து சுழலும் கிண்ணத்தின் உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) உறை தேய்ந்து துகளாகும். துகளை விழுங்கும் செல்கள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். கிண்ணம் ஆட்டம் காணும். 1990களின் இறுதியில் வந்த, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்கிய 'குறுக்குப் பிணைப்பு' பாலிஎத்திலீன் மிகக் குறைவாகவே தேய்கிறது. ஆகவே உங்கள் மூட்டு அவற்றைவிட நன்றாக உழைக்கலாம். உழைக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

என் கிண்ணம் 47 டிகிரி சாய்வில் இருக்கிறதாம். 40 தான் சரி என்று படித்தேன். தூக்கமே வரவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

தூங்குங்கள். 1978இல் லூவினெக் என்ற மருத்துவரின் குழுவினர் வகுத்த 'பாதுகாப்பு எல்லை' என்பது சாய்வு 40, முன்திருப்பம் (கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) 15, இரண்டிலும் பத்துப் பத்து டிகிரி கூடக்குறைய. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். அந்த எல்லையே 300 மூட்டுகளில், பந்து கிண்ணத்தை விட்டு நழுவிய ஒன்பதை வைத்து வகுக்கப்பட்டது. பிற்பாடு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் நழுவிய மூட்டுகளைக் கணக்கெடுத்தபோது, பாதிக்கு மேல் இந்த எல்லைக்குள்தான் இருந்தன. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கிண்ணத்தின் வாயைத் திறந்து, தொடை மடங்க இடம் கொடுக்கிறது. முதுகெலும்பைத் திருகாணி போட்டு இணைத்தவர்களுக்கு அந்த அசைவு குறைவு; பயப்பட வேண்டியவர்கள் அவர்கள். உங்களுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதை எழுதியிருக்க வேண்டும்.

2008இல் மூட்டு மாற்றினேன். இப்போது வலி. என்ன மூட்டு என்று தெரியவில்லை, காகிதங்கள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. (வாசகர், வேலூர்)

இந்தக் கடிதத்தை மாதம் ஒருவராவது எழுதுகிறார்கள். பத்து ரூபாய் மின்கட்டண ரசீதைக் கம்பியில் குத்தி வைப்பவர்கள், உடம்புக்குள் இருக்கும் பொருளின் காகிதத்தைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

கிண்ணம், உறை, பந்து, தண்டு (தொடையெலும்புக்குள் செருகுவது) ஒவ்வொன்றின் பெட்டியிலும் ஸ்டிக்கர் உண்டு. பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். கிண்ணம் எலும்போடு நன்றாக ஒட்டியிருந்து உறை மட்டும் தேய்ந்திருந்தால், உறையை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் ஒரு கம்பெனியின் உறை இன்னொன்றின் கிண்ணத்தில் பூட்டிக்கொள்ளாது. என்ன கிண்ணம் என்று தெரியாவிட்டால் நல்ல கிண்ணத்தையும் எலும்போடு பெயர்க்க நேரலாம்.

உங்கள் ஆண்டு வேறு என்னைக் கவலைப்படுத்துகிறது. உலோகத்தோடு உலோகம் உரசும், ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டுகள் புழங்கிய காலம் அது. ஆஸ்திரேலியா 1999இலேயே மாற்றிய மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியிருந்ததால், அவை சீக்கிரமே பழுதாகும் கோளாறு அங்கே முன்னதாகவே பிடிபட்டது. 2009 டிசம்பரில் அங்கே சந்தையிலிருந்து அகற்றினார்கள். உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்குப் பொருத்தியிருந்தார்கள்; அவர்களில் பெரும்பாலானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இழப்பீடு பேசத் தொடங்கியபோதும் கையில் காகிதம் இருந்தவருக்குத்தான் வழி இருந்தது. சுவீடனில் 1979 முதல் பதிவேடு இருக்கிறது. இங்கே மருத்துவர்கள் விரும்பினால் அனுப்பும் பதிவேடுதான், கட்டாயமில்லை. ஆகவே உங்கள் பதிவேடு நீங்களேதான்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய மருத்துவமனைக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். எக்ஸ்ரே எடுங்கள், கிண்ணத்தின் வடிவத்தைப் பார்த்தே அனுபவமுள்ளவர் ஓரளவு சொல்லிவிடுவார். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு என்று சந்தேகம் வந்தால், உரசலில் கழன்று ரத்தத்தில் சேரும் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டன் வகுத்த அளவு. மற்றவர்கள் இன்றே ஸ்டிக்கரைக் கைபேசியில் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள்.

34 வயது. ஸ்டீராய்டு மருந்தால் தொடையெலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. கிண்ணம் நன்றாக இருக்கிறதாம். பந்தை மட்டும் மாற்றினால் போதாதா? (வாசகர், சேலம்)

போதாது. உலோகப் பந்து உங்கள் கிண்ணத்தின் குருத்தெலும்பை அரித்துவிடும். உங்கள் வயதில் அது சீக்கிரமே நடக்கும். பந்து இன்னும் நசுங்கவில்லை என்றால் மாற்றாமலே காப்பாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா? அதையும் எழுதவில்லை.

மாற்றிய பிறகு சப்பணமிட்டு உட்காரலாமா? (வாசகி, நாகர்கோவில்)

முதல் மூன்று மாதம் வேண்டாம். பிறகு, உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் சொன்னால் மட்டும். பக்கத்து வீட்டு அம்மா உட்காருகிறார் என்பது கணக்கில் வராது.

விமான நிலையத்தில் கருவி கத்துமா? (வாசகர், கோவை)

பெரும்பாலும் கத்தும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்டிக்கர் படம் கைபேசியில் இருக்கிறதா?